போன் கட்சி மாறிய கதை, மாற்றிய கதை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய புரமோட்டர்:

நானே தொடங்கிவைக்கிறேன். 2016-லிருந்து நான்கு வருஷம் திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடையில் நின்றேன். சம்பளம் கடைக்காரர் தரவில்லை, போன் கம்பெனி தந்தது. கடைக்குள் கால் வைத்ததும் கலர் டிஷர்ட்டில் ஒருவன் "வாங்க சார், என்ன பட்ஜெட்ல பாக்குறீங்க?" என்று ஓடிவருவானே, அவன்தான் புரமோட்டர். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நான்கு கம்பெனி ஆட்கள் தோளோடு தோள் உரச நிற்போம். மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், நால்வரும் எதிரிகள்.

அப்போது டிவியைப் போட்டாலே போன்தான். ஐபிஎல்லுக்கு விவோ பெயர். 2017-இல் இந்திய அணியின் சட்டையில் பெயர் போடும் உரிமையை ஐந்து வருஷத்துக்கு 1,079 கோடி ரூபாய் கொடுத்து ஓப்போ பிடித்தது. இரண்டும் சீனாவின் பிபிகே என்கிற கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே கடை போட்டுக் கூவின மாதிரி.

ஆனால் கிரிக்கெட் ஆளை வாசல்வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உள்ளே வந்தவரைத் திருப்புவது எங்கள் வேலை. வேறு கம்பெனி போன் கேட்டால் "இல்லை" என்று சொல்லவே கூடாது. "இருக்கு சார், எடுத்துத் தர்றேன். அதுக்குள்ள இதைச் சும்மா கையில பிடிச்சுப் பாருங்க" என்று நம் டெமோ பீஸைக் கொடுக்க வேண்டும். கை நீட்டி வாங்கிவிட்டார் என்றால் முன் கேமராவைத் திறந்து அவர் முகத்தை அவருக்கே காட்டுவேன். பியூட்டி மோடு முழுசாக ஏற்றி வைத்திருப்போம். ஐம்பது வயதுக்காரர்கூட ஒரு நொடி முன்முடியைக் கோதிவிட்டுக்கொள்வார். அதோடு பில் போட வேண்டியதுதான். பெட்டியில் இருக்கும் ஐஎம்இஐ நம்பரை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, ஸ்கேன் செய்து அனுப்பினால் இன்சென்டிவ் என் கணக்கில் ஏறும். ஸ்கேன் செய்ய மறந்தால் விற்றும் விற்காத கதைதான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

நோட் பைத்தியம்:

எங்கள் வீட்டில் சண்டை எனக்கும் மச்சானுக்கும். அவர் ஆப்பிள், நான் சாம்சங். ஐபோனுக்காகக் கடை வாசலில் வரிசை கட்டி நிற்பவர்களைக் கிண்டலடித்து 2011-இல் சாம்சங் ஒரு விளம்பரம் எடுத்தது. அதை அவருக்கு அனுப்பியதில் ஆரம்பித்தது பகை. 2016-இல் ஐபோன் 7 வந்தபோது இயர்போன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள். விடுவேனா? வீட்டு விசேஷம் ஒன்று பாக்கியில்லாமல் என் ஒயரை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன்.

அடுத்த வருஷம் சாம்சங்கின் 'குரோயிங் அப்' விளம்பரம். பத்து வருஷமாக ஐபோனோடு மல்லுக்கட்டிய பையன் கடைசியில் சாம்சங் காலக்ஸிக்கு மாறுவான். ஐபோன் எக்ஸ் வாங்க வரிசையில் நிற்கும் ஒருவனின் முன்முடி, அந்த போன் திரையின் உச்சியில் இருக்கும் வெட்டு மாதிரியே கத்தரித்திருக்கும். எத்தனை தடவை பார்த்துச் சிரித்தேன் என்று கணக்கே இல்லை. மச்சான் சாவகாசமாக ஒன்று சொன்னார்: "இந்த ஐபோன் எக்ஸுக்கு ஓலெட் திரை செஞ்சு குடுத்ததே சாம்சங்தான் மாப்ள. நான் போன் வாங்குனா உன் ஆளுக்கும் காசு போகுது. நீ எதுக்கு ராத்திரி முழிச்சு சண்டை போடுற?" எனக்குப் பேச்சு வரவில்லை.

2019 ஆகஸ்டில் சாம்சங்கின் நோட் 10. ஓட்டை இல்லை! அந்த 'குரோயிங் அப்' கிண்டல் விளம்பரத்தையும் சாம்சங் தன் யூடியூப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு மச்சான் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு குட்டிப் பெட்டி கொடுத்தார். பிரித்தால் உள்ளே இயர்போன் சொருகுகிற டாங்கிள்.

அதோடு திருந்தியிருக்க வேண்டும். 2020 அக்டோபரில் ஐபோன் 12 சார்ஜர் இல்லாமல் வந்தது. சாம்சங் ஃபேஸ்புக்கில் சார்ஜர் படம் போட்டு நக்கலடித்தது. அதையும் ஓடிப்போய் மச்சானுக்கு அனுப்பினேன். மூன்றே மாதம். சாம்சங் எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். இப்போதும் சாம்சங்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

ஹாஸ்டல்வாசி:

என் கதை சின்னது. 2014-இல் ஷாவ்மியின் ரெட்மி 1எஸ், 5,999 ரூபாய். கடையில் கிடையாது, ஃபிளிப்கார்ட்டில் மட்டும், அதுவும் குறித்த நேரத்தில். சில நொடியில் தீர்ந்துவிடும். ஹாஸ்டலில் ஆறு பேர் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து ஒருவனுக்காகத் தட்டினோம். கிடைத்தது. போன் வந்த அன்று மாடிக்கு மாடி ஆள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். டிவி விளம்பரம் இல்லை, நடிகர் இல்லை, நாங்களே விளம்பரம். அதைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் வாங்கியவனைவிட நாங்கள் ஐந்து பேரும்தான் வரிந்துகட்டிக்கொண்டு போவோம். தட்டியது நாங்களாயிற்றே.

கடை முதலாளி:

எல்லாரும் வாங்கியவர் கதையே சொல்கிறீர்கள். என் கடைக்கு ஒரு கம்பெனி இலவசமாகப் பெயர்ப்பலகை அடித்துக் கொடுத்தது. லைட்டோடு, பன்னிரண்டு அடி. அதில் பத்தரை அடி அவர்கள் பெயர். ஓரத்தில் என் அப்பா பெயர். பக்கத்து மளிகைக்காரர் இன்றைக்கும் என்னை அந்தக் கம்பெனி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

2020 ஜூனில் எல்லையில் சீன ராணுவத்தோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு சீன போன் வேண்டாம் என்று ஒரே பேச்சு. ஷாவ்மி தன் கடைப் பலகைகளின் மேல் 'மேட் இன் இந்தியா' என்று எழுதி மூடியது. நானும் பயந்துபோய் பலகை லைட்டை அணைத்து வைத்தேன். எங்கள் தெருவில் ஒருவர் வாட்ஸப் ஸ்டேட்டஸில் காலையில் புறக்கணிப்பு, சாயங்காலம் கடைக்கு வந்து, "பையனுக்கு ஆன்லைன் கிளாஸ்ணே. பத்தாயிரத்துக்குள்ள அதே போன் ஸ்டாக் வந்துருச்சா?" என்றார். வரவில்லை. மறுநாளும் வந்து கேட்டார்.

புரமோட்டர் தம்பி, ஒரு சந்தேகம். கம்பெனியை விடு, உன்னையே தேடி யாராவது வந்ததுண்டா?

பழைய புரமோட்டர்:

உண்டுண்ணே. நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டும் ஓர் அம்மா. 2016-இல் பேரன் வெளியூர் காலேஜுக்குப் போகிறான் என்று, சுருக்குப்பையில் சுருட்டிய நோட்டோடு, தனக்கு ஒரு போன் வாங்க வந்தார். நால்வரும் பாய்ந்தோம். மற்ற மூவரும் ரேம், கேமரா என்று அடுக்க, அவர் என்னைப் பார்த்து, "இது கெட்டுப்போனா நீ இங்கனதான இருப்ப?" என்றார். இருப்பேன் என்றேன். எழுத்தைப் பெரிசாக்கி, பேரன் படத்தைத் தொட்டால் அவனுக்குக் கால் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன்.

மூன்று வருஷம் கழித்து வந்தார். நான் அதற்குள் சம்பளம் கூட என்று வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். அதே கடை, அதே மூலை, சட்டை மட்டும் வேறு.

"என்னப்பா, சட்ட மாறிருச்சு?"

"கம்பெனி மாறிட்டேம்மா."

"சரி, நீ இப்ப எந்தச் சட்ட போட்டிருக்கியோ அதுலயே ஒண்ணு குடு."

பழைய போனை வாங்கிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை, எழுத்து நான் வைத்த அளவிலேயே இருந்தது. பேட்டரி மட்டும் போயிருந்தது. எண்ணூறு ரூபாயில் மாற்றியிருக்கலாம். அன்றைக்கு மாதக் கடைசி, டார்கெட்டுக்கு இரண்டு பீஸ் குறைவு. பேட்டரியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. புதுப் பெட்டியை எடுத்தேன், பேரன் படத்தை மாற்றி வைத்தேன், ஐஎம்இஐ-யை ஸ்கேன் செய்தேன்.