ஆஸ்பத்திரில மாப் பிடிச்ச என் முதல் வேலை

என்னோட முதல் வேலை ஆஸ்பத்திரில நைட் ஷிப்ட் க்ளீனிங். 19 வயசு, படிப்பு பாதில நின்னுபோச்சு, வேற எதுவும் கிடைக்கல, அதான் சேர்ந்தேன். தரை தொடைக்கிறதுல என்ன இருக்கு, ஒரே நாள்ல கத்துக்கலாம்னு நெனச்சேன்.

அங்க ஒரு அக்கா இருந்தாங்க, ரொம்ப வருஷமா அதே வேலை. முதல் நாள் என் கைல மாப்பே குடுக்கல. ஒரு காலி பெட்டைக் காட்டி "படு தம்பி"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, படுத்தேன். "என்ன தெரியுது சொல்லு." மேல ஃபேன் றெக்கை ஓரம் பூரா தூசி கருப்பா படிஞ்சிருக்கு, லைட் பக்கத்துல ஒட்டடை, பெட் கம்பியோட உள்பக்கம் என்னமோ சிந்திக் காஞ்சிருக்கு. நின்னுட்டுப் பாத்தப்ப அதே ரூம் பளிச்சுன்னு தான் இருந்தது! "படுத்திருக்கிறவங்க நாள் பூரா பாக்குறது இதைத்தான், நீ தரையைத் தொடைச்சிட்டுப் போயிடுவ"ன்னு சொல்லிட்டு, நான் எந்திரிச்சதும் அந்த பெட்டையும் திரும்ப தொடைக்க வச்சாங்க.

அப்புறம் தான் வேலையே ஆரம்பிச்சது. சுத்தமான இடத்துல தொடங்கி அழுக்கான இடத்துக்குப் போகணும், மேலேர்ந்து கீழ வரணும், பாத்ரூம் கடைசி. கை அதிகமா படுற இடத்தை விடவே கூடாது, சுவிட்ச், கதவுப்பிடி, காலிங் பெல், ட்ரிப்ஸ் ஸ்டாண்ட் எல்லாம். ரத்தம் சிந்தியிருந்தா மேலயே ப்ளீச் ஊத்துறது வேலைக்கு ஆகாது, முதல்ல ஒத்தி எடுக்கணும், அப்புறம் ப்ளீச் தண்ணி விட்டு 10 நிமிஷமாவது காத்திருக்கணும், உடனே தொடைச்சா கிருமி சாகாது. இந்த 10 நிமிஷம் சும்மா நிக்கறது தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது, யாரும் பாக்கலேன்னா 2 நிமிஷத்துலயே தொடைச்சிட்டு போயிடலாம்னு தோணும். அக்கா ஒரு நாளும் அப்படி செஞ்சு நான் பாத்ததில்ல, ராத்திரி 3 மணிக்கு கூட. ஒரு தடவை நான் டாய்லெட் ஆசிட் ஊத்தின இடத்துலயே ப்ளீச்சையும் ஊத்தப் போயிட்டேன், கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டாங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும், மூச்சையே அடைச்சிடும், எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மனசுல இன்னும் கிடக்கிறது வேற ஒண்ணு. ஒரு ராத்திரி சீக்கிரம் முடிக்கணும்னு காரிடார் முழுக்க ஒரே மூச்சுல தொடைச்சிட்டேன், காஞ்ச இடமே விடல. நோயாளி கூட வந்த ஒரு அம்மா தண்ணி பிடிக்க வந்தவங்க வழுக்கி விழுந்துட்டாங்க, மணிக்கட்டு வீங்கிடுச்சு. எலும்பு முறியலேன்னு எக்ஸ்ரே பாத்துட்டு சொன்னப்ப தான் எனக்கு உசுரே வந்தது. சூப்பர்வைசர் வந்து யாரு தொடைச்சதுன்னு கேட்டாரு. போர்டு வச்சிருந்தேன் சார், அவங்க தான் பாக்காம வந்துட்டாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அக்கா "நான் தான் சார் இவனுக்கு சரியா சொல்லிக் குடுக்கல"ன்னுட்டாங்க.

என்னை ஒரு வார்த்தை திட்டல. அன்னிக்கே மாப்பை எடுத்து, காரிடார்ல ஒரு பாதியைத் தொடைச்சு, அது காயுற வரைக்கும் அடுத்த பாதியைத் தொடாம என் பக்கத்துலயே நின்னாங்க. காஞ்சதும் மாப்பை என் கைல குடுத்தாங்க. அந்த அம்மாகிட்ட போய் மன்னிப்பு கேட்டேன், "கீழ பாத்து நடந்திருக்கணும்ப்பா"ன்னு அவங்களும் தப்பை அவங்க மேலயே போட்டுக்கிட்டாங்க.