‘ஃபிளிப்பன்ட்’ என்று சொல்லிவிட்டார்கள்: இடம் தவறிய சிரிப்புக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்!

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் பதிவுகள் எங்கள் தவறால் அழிந்துபோயின, பேக்கப்பும் பாதிதான் இருந்தது. காணொளிக் கூட்டத்தில் அந்த அம்மா, "எல்லாம் எப்போது திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறார்களே, கொஞ்சம் லேசாக்கலாம் என்று நினைத்து, "ஊர் சுற்றிவிட்டுத் தானாக வந்துவிடும்" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கேமராவை அணைத்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் மேலாளரிடமிருந்து ஒரே வரி: நீங்கள் பேசியது ஃபிளிப்பன்ட்.

அகராதியைப் புரட்டினேன். ஃபிளிப்பன்ட் (flippant), ஃபெசீஷியஸ் (facetious) இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விளக்கம், தீவிரமான விஷயத்தில் விளையாட்டாகப் பேசுவது என்று. சரி, இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, "ஃபெசீஷியஸாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும்" என்று அந்த அம்மாவுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்த கதையாகிவிட்டது.

மேலாளர் போனில் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். ஃபெசீஷியஸ் என்றால் வேடிக்கை காட்ட முயன்றிருக்கிறீர்கள், இடம்தான் சரியில்லை. தன்னைப் பற்றியே ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னால், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று பொருள்படும். ஃபிளிப்பன்ட் அப்படியில்லை, எதிரே இருப்பவரின் கஷ்டத்தை நீங்கள் மதிக்கவே இல்லை என்பது அதில் இருக்கிறது. சிரிப்பே இல்லாமல் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாலும் அது ஃபிளிப்பன்ட்தான். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அலட்சியத்துக்கு, கேட்டதோ வேடிக்கைக்கு. அந்த அம்மாவுக்கு ஏன் கோபம் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

தமிழில் நமக்கு இது தெரியாததா என்ன? 'குறும்பாகப் பேசினான்' என்பதற்கும் 'எகத்தாளமாகப் பேசினான்' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆங்கிலச் சொற்களை மட்டும் 'விளையாட்டுத்தனம்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

ஃபெசீஷியஸ் வந்த லத்தீன் வேர் நயமான நகைச்சுவையைக் குறித்த பாராட்டுச் சொல். போகப்போக அது குற்றம் சொல்லும் சொல்லாகிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. (ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வரிசை மாறாமல், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிற அபூர்வமான சொல் அது. அப்படித்தான் அதன் எழுத்துக்கூட்டலை மனதில் வைத்துக்கொண்டேன்.)

* * *

எனக்கு மாட்டியது ஃப்ரிவலஸ். வழக்கு ஆவணம் ஒன்றை மொழிபெயர்த்தபோது, எதிர்த்தரப்பு மனு 'ஃப்ரிவலஸ்' என்று இருந்ததை 'வேடிக்கையான மனு' என்று எழுதிவிட்டேன். வக்கீல் சிவப்பு மையில் அடித்துவிட்டு, 'அற்பமான, ஆதாரமற்ற' என்று மேலே எழுதினார். அங்கே சிரிப்புக்கு இடமே இல்லை, மனுவில் சரக்கு இல்லை என்பதுதான் புகார். நீதிமன்ற ஆங்கிலத்தில் அது 'வெக்ஸேஷியஸ்' என்ற சொல்லோடு ஜோடியாக வரும்: ஒன்று சாரமில்லாதது, மற்றது அடுத்தவரை அலைக்கழிக்கவே போடுவது. மனிதரைப் பற்றிச் சொன்னால்தான் ஃப்ரிவலஸ் விளையாட்டுப்புத்தியின் பக்கம் சாய்கிறது.

* * *

'ஆஃப் கலர்' பற்றியும் சொல்லியாக வேண்டும். பச்சையான நகைச்சுவைக்கு அந்தப் பெயர் என்று மட்டும் எனக்குத் தெரியும். பிரிட்டிஷ்காரர் ஒருவர், இன்று ஆஃப் கலராக இருக்கிறேன், வரவில்லை என்று எழுதியிருந்தார். ஏதோ கொச்சையாகப் பேசி மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்துப் பதிலே போடவில்லை. பிரிட்டனில் உடம்பு சரியில்லை என்பதற்கும் அதையே சொல்வார்களாம். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த மனிதரை நலம் விசாரிக்காமல் விட்டுவிட்டேன், அது இன்றும் உறுத்துகிறது. அப்புறம், 'க்ராஸ்' (crass) என்பது வேறு. அதில் ஆபாசம் இருக்க வேண்டியதில்லை, பிறர் மனம் நோகுமே என்ற உணர்ச்சி இல்லாத முரட்டுத்தனம் போதும். லத்தீனில் 'தடித்த' என்று பொருள். நம் 'தடித்த வார்த்தை' நினைவுக்கு வருகிறது இல்லையா?

* * *

இவற்றில் எனக்குப் பிடித்தது லெவிட்டி. லேசானது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதன் எதிர்ப்பக்கம் கனத்தைக் குறிக்கும் கிராவிட்டி. எங்கே சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது குறையும் ஆகும், ஆறுதலும் ஆகும். நண்பரின் அப்பா இறந்தபோது அவர் மகள் பேசிய இரங்கல் உரையைத் தமிழாக்கினேன். நடுவில், அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவார் என்று சொல்லியிருந்தார், அதைக் கேட்டு எல்லோரும் அழுதபடியே சிரித்தார்களாம். அடுத்த வரியில் அவரே அதை லெவிட்டி என்று குறிப்பிட்டிருந்தார். முதலில் 'கேலிப் பேச்சு' என்று போட்டேன், வாய்விட்டுப் படித்ததும் கூசியது. அடித்துவிட்டு, 'மனம் லேசான ஒரு நிமிடம்' என்று எழுதிக் கொடுத்தேன்.