26 பிள்ளைகள், 4 டேப், சிக்னல் இல்லை: கதை சொல்ல வைப்பது எப்படி?

நாகலூர் டீச்சர்:
வணக்கம். ஏற்காடு மலையில் தொடக்கப் பள்ளி. 1 முதல் 3 வரை ஒரே அறை. பிள்ளைகள் சொந்தக் கதையை டேபில் பதிய வேண்டும். பட பிளாக்குகளை (கட்டளைக் கட்டங்களை) வரிசையாக அடுக்கிப் படங்களை நகர, பேச வைக்கும் குழந்தைகள் ஆப்பான ஸ்கிராட்ச் ஜூனியரைத் திறந்தால் பூனையை ஓடவிட்டு விளையாடுவதோடு சரி. எங்கே ஆரம்பிக்கலாம்?

அஸ்தம்பட்டி சார்:
டேபைக் கடைசியில் கொடுங்க டீச்சர். முதல் நாள் வாயால் கதை. மறுநாள் ஏ4 தாளை நாலாக மடித்து, கட்டத்துக்கு ஒரு படம். அந்த ஆப்பில் ஒரு கதைக்கு 4 பக்கம்தான், அதனால்தான் நாலு. காட்டெருமை காபித் தோட்டத்துக்குள் வந்தது, யார் பார்த்தது, என்ன செய்தார்கள், எப்படிப் போனது. தாளை முடித்தவர்களுக்குத்தான் டேப். ஒரு டேபுக்கு 3 பேருக்கு மேல் வேண்டாம். 12 பேர் டேபில் இருக்க, மற்ற 14 பேர் வரையட்டும். ஒருவர் பேச, ஒருவர் பட்டனைத் தொட, ஒருவர் தாளைப் பார்த்து அடுத்ததைச் சொல்ல. பக்கத்துக்குப் பக்கம் வேலையை மாற்றுங்க.

நெட் தேவையில்லை. கீழே சேலம் வரும்போது வைஃபையில் ஆப்பை ஒருமுறை டேபில் ஏற்றினால் போதும்.

கோரிமேடு:
அடுத்து வரும் சிக்கல்: எருமையும், அதைப் பார்த்த தாத்தாவும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இரண்டுக்குமே பச்சைக் கொடியை (தொட்டதும் தொடங்கும் பிளாக்) போட்டிருப்பார்கள். எருமைக்கு மட்டும் கொடி. அதன் குரல் பிளாக்குக்குப் பின்னால் ஆரஞ்சு உறை (அடுத்தவருக்குப் போகும் செய்தி) அனுப்பும் பிளாக். தாத்தா அதே நிற உறை வந்ததும் தொடங்கட்டும். 'காத்திரு' பிளாக்கில் 10 என்றால் 1 விநாடி, 10 விநாடி அல்ல. இதில்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள்.

மலைக்காற்று:
ஒன்றாம் வகுப்புக்கு பிளாக்கே வேண்டாம் என்பேன். படத்தைப் போட்டோ எடுத்துக் குரல் சேர்த்தாலே கதை. டேபை ஸ்டூல் விளிம்பில், கேமரா மட்டும் வெளியே நீட்டும்படி படுக்க வைத்து மேலே ஒரு கனமான புத்தகம், தாள் தரையில். கை நடுங்காது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கிரேயான் மெழுகு பளபளத்து நிறம் போய்விடும். குரலுக்கு வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மைக் துளை எங்கே என்று காட்டிவிடுங்க, பிள்ளைகள் விரலால் மூடிவிடுவார்கள். தகரக் கூரையில் மழை பெய்யும்போது பதிவே வேண்டாம்.

நாகலூர் டீச்சர்:
நன்றி. முடித்ததைப் பெற்றோர் கூட்டத்தில் காட்ட?

கோரிமேடு:
கதை அந்த டேபுக்குள்ளேயே இருக்கும். ஆப்பை நீக்கினால் அதோடு போய்விடும். ஓடவிட்டு ஸ்கிரீன் ரெக்கார்டரில் பதிந்து, ஓடிஜி பென்டிரைவில் (டேபில் நேராகச் செருகும் வகை) எடுத்துவிடுங்க. ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே என்றால் பெரும்பாலும் மைக் வழியாகத்தான் சத்தம் பதியும். வகுப்பு காலியான பிறகு பதியுங்க.