ஃபிரீலான்ஸ் வருமானம், வீட்டுக்குக் கைக்காசு சேர்க்கிறன்: வங்கி திருப்பிட்டுது, எங்க திருத்தவேணும்?

கொக்குவில் டிசைனர்:

வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையத்தளம் வடிவமைக்கிற வேலை, முழுநேரம். காசு பேயோனியர் எண்ட இணையக் கொடுப்பனவுக் கணக்குக்கு வரும். மாசம் 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் இடையில ஏறி இறங்கும். போன 12 மாசச் சராசரி 2 இலட்சத்து 60 ஆயிரம். வாடகையோட சேர்த்து என்ர பக்கச் செலவு 1 இலட்சத்து 20 ஆயிரம். மனைவி அரச பாடசாலை ஆசிரியை.

கோண்டாவில் பக்கம் 2 பரப்புக் காணியோட ஒரு வீடு பார்த்திருக்கிறம். கேக்கிற விலை 1 கோடியே 80 இலட்சம். வங்கியில 75 வீதம் தருவம் எண்டவை. அப்ப 45 இலட்சம் கைக்காசு இருந்தால் காணும் எண்டு நினைச்சன். இப்ப கையில 14 இலட்சம். எவ்வளவு கடன் வரும் எண்டு கேட்டு விண்ணப்பிக்க, "நிலையான வருமானத்துக்கு ஆதாரம் போதாது" எண்டு திருப்பிட்டினம்.

பேயோனியரில காசை ரெண்டு மூண்டு மாசம் விட்டு, டொலர் ஏறேக்க எடுக்கிறனான். ஒரு பகுதி தம்பியின்ர கணக்குக்குப் போய் காசாக் கைக்கு வரும். வரிக்கோப்பு இன்னும் இல்லை. வீட்டுக்காரர் கனடாவில. இங்க இருக்கிற அவற்ற தமையன் 10 இலட்சம் முற்பணம் தந்தால் வீட்டைப் பிடிச்சு வைக்கிறன், கையெழுத்து வைச்சுக் கடதாசி தாறன் எண்டுறார். எதை முதல் செய்யிறது?

கடன்பிரிவு அனுபவம்:

தம்பி, முதல் அந்த 45 இலட்சத்தை மறந்துவிடுங்கோ. வங்கி 75 வீதம் எண்டு சொல்றது வீட்டுக்காரர் கேக்கிற விலையில இல்லை. வங்கியின்ர மதிப்பீட்டாளர் போடுற பெறுமதி, உறுதியில எழுதுற விலை, இந்த ரெண்டில எது குறைவோ அதிலதான். மதிப்பீடு கேக்கிற விலைக்குக் கீழ வாறது வழமை. 160 இலட்சம் எண்டு வந்தால் கடன் 120 இலட்சம். மிச்சம் 60 இலட்சம் உங்கட கையால.

அதுக்கு மேல முத்திரைத் தீர்வை. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 180 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம் வரும். நொத்தாரிசுக் கட்டணம் பேசித் தீர்க்கிறது, 1 வீதம் எண்டு வையுங்கோ, 1 இலட்சத்து 80 ஆயிரம். மதிப்பீட்டுக் கட்டணம், வங்கிச் சட்டத்தரணி உறுதி பார்க்கிற காசு, வீட்டை வங்கிக்கு ஈடு வைக்கிற உறுதி, காப்புறுதி எல்லாத்துக்கும் ஒரு இலட்சம் ஒதுக்குங்கோ. மொத்தம் 70 இலட்சம். இந்தச் செலவுக்கு வங்கி கடன் தராது.

தீர்வையைக் குறைக்க உறுதியில விலையைக் குறைச்சு எழுதுவம் எண்டு ஆராவது சொன்னால் சம்மதிக்காதேங்கோ. அது சட்டத்துக்கு மாறு. கடனும் அந்த விலைக்குத்தான் வரும், கைக்காசு இன்னும் ஏறும்.

இரண்டாவது உச்சவரம்பு வருமானம். ஃபிரீலான்ஸ் எண்டால் சராசரியை முழுசா எடுக்கமாட்டினம், ஒரு பங்கு வெட்டுவினம். வங்கிக்கு வங்கி வித்தியாசம், உதாரணத்துக்கு 70 வீதம் எடுக்கினம் எண்டு வைப்பம். உங்களுக்கு 1 இலட்சத்து 82 ஆயிரம். அதில அரைவாசி தவணைக்குப் போகலாம் எண்டால் 91 ஆயிரம். 20 வருசம், 12 வீத வட்டி எண்டால் ஒரு இலட்சம் கடனுக்கு மாசத் தவணை 1,101 ரூபா. 91 ஆயிரத்துக்கு வரக்கூடிய கடன் 82 இலட்சம் சொச்சம்தான். வீட்டுப் பெறுமதி 120 இலட்சத்துக்கு இடம் விட்டாலும் வருமானம் 82இல நிப்பாட்டும். எது குறைவோ அதுதான் உங்கட கடன்.

இனி, ஏன் திருப்பினவை? கடன் உத்தியோகத்தர் உங்கட கணக்குக்கூற்றை எப்பிடி வாசிப்பார் எண்டு சொல்றன். 12 மாசக் கூற்றை விரிச்சு வைச்சு, வரவுப் பக்கத்தில ஒவ்வொரு வரியா வருவார். உங்கட ஒரு கணக்கிலயிருந்து மற்றதுக்கு மாத்தினதை வெட்டுவார். தம்பியின்ர கணக்கிலயிருந்து வந்ததை வெட்டுவார், அது உறவினர் காசு. மெஷினில போட்ட காசையும் வெட்டுவார், எங்கயிருந்து வந்தது எண்டதுக்கு ஆதாரம் இல்லை. கடைசியில மிஞ்சிறது பேயோனியரிலயிருந்து நேரா வந்த வரவுகள் மட்டும். நீங்கள் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுத்தால் 12 மாசத்தில நாலு வரவு, எட்டு மாசம் வெறுமை. உங்களுக்கு வருமானம் இருக்கு, ஆனால் கூற்றில அது தெரியேல்லை.

திருத்தம் சுகம். ஒரே ஒரு ரூபாய்க் கணக்கு, உங்கட பேரில. ஒவ்வொரு மாசமும் ஒரே திகதியில, 25ஆம் திகதி எண்டால் 25, அந்த மாசம் வந்த முழுக்காசையும் அதுக்கு எடுங்கோ. டொலர் 2 ரூபா ஏறும் எண்டு காத்திருந்து கிடைக்கிறது, தொலைஞ்ச கடன் தகுதிக்கு ஈடாகாது. தம்பியின்ர கணக்கை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு வேலைக்கும் இன்வொய்ஸ், ஒப்பந்த மின்னஞ்சல், பேயோனியர் மாதக்கூற்று மூண்டையும் சேர்த்து மாசத்துக்கு ஒரு கோப்பு வையுங்கோ. இன்வொய்ஸ் தொகைக்கும் வங்கிக்கு வந்த தொகைக்கும் இடையில கட்டணம் கழிஞ்சிருக்கும், அதை ஒரு வரியில எழுதி வைச்சால் பிறகு கேள்வி வராது.

சுன்னாகம் வரிக்கணக்கு:

அண்ணை சொன்னதோட வரிக்கோப்பும் சேரவேணும். சுயதொழில் ஆளுக்கு வங்கி முதல் கேக்கிறது வருமான வரி அறிக்கை. கூற்றையும் அதையும் பக்கத்தில வைச்சுத்தான் பார்ப்பினம்.

வெளிநாட்டுக்குச் செய்யிற சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில வங்கியூடா வாற வருமானம் 2025 மார்ச் 31 வரைக்கும் வரிவிலக்கில இருந்தது. 2025 ஏப்ரல் 1 இலிருந்து வரி உண்டு, ஆனால் வீதம் 15க்கு மேல ஏறாது. தனிநபர் விடுப்பு வருசம் 18 இலட்சம். உங்கட வருமானம் 31 இலட்சத்து 20 ஆயிரம். விடுப்புப் போக 13 இலட்சத்து 20 ஆயிரம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், 60 ஆயிரம். மிச்ச 3 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு 15 வீதம், 48 ஆயிரம். ஆக வருசம் 1 இலட்சத்து 8 ஆயிரம், மாசக்கணக்கில 9 ஆயிரம். இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, தொழிலுக்கு வாங்கின கணினியின்ர தேய்மானம் கழிச்சால் இன்னும் குறையும்.

மாசம் 9 ஆயிரத்தை மிச்சம் பிடிக்கிறதுக்காக 80 இலட்சக் கடனை இழக்கிறது நட்டக் கணக்கு. தயவுசெய்து இதில பிந்தாதேங்கோ.

வரி இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின்ர இணையத்தளத்திலயே எடுக்கலாம். வருசம் ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல முடியும். காலாண்டுக் கட்டணங்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சத்துக்கு செப்டம்பர் 30. அறிக்கைக்குக் கடைசித் திகதி நவம்பர் 30. கட்டின பற்றுச்சீட்டை அறிக்கைப் பிரதியோட கோப்பில போடுங்கோ, வங்கி அதையும் கேக்கும்.

உள்ளூர் வாடிக்கையாளர் ஆரும் மாசம் 1 இலட்சத்துக்கு மேல தந்தால் 5 வீதம் பிடிச்சு வைப்பினம். அதுக்குச் சான்றிதழ் வாங்கினால்தான் வரியில கழிக்கலாம். வைப்பு வட்டியில பிடிக்கிற 10 வீதமும் அப்பிடித்தான்.

கொக்குவில் டிசைனர்:

மிச்சம் நன்றி அண்ணை, அக்கா. 70 இலட்சம் எண்டதைப் பார்க்கத் தலை சுத்துது. மாசத்துக்கு மாசம் மாறுற வருமானத்தில எவ்வளவு ஒதுக்கிறது? நிலையான வைப்பில போடுறதா, டொலராவே வைக்கிறதா? ஒரு சீட்டிலயும் சேரச் சொல்லி கேக்கினம்.

கடன்பிரிவு அனுபவம்:

வீதக் கணக்கில ஒதுக்காதேங்கோ. நல்ல மாசத்தில கை தாராளமாகும், கெட்ட மாசத்தில வீட்டுக் கணக்கிலயிருந்து திரும்ப எடுக்க வரும். உங்களுக்கு நீங்களே சம்பளம் குடுங்கோ: ஒவ்வொரு 1ஆம் திகதியும் 1 இலட்சத்து 20 ஆயிரம், 4 இலட்சம் வந்த மாசத்திலயும் அதுவேதான். 9 ஆயிரம் வரிக் கணக்குக்கு. மிச்சம் முழுக்க வீட்டுக் கணக்குக்கு. சராசரியில அது மாசம் 1 இலட்சத்து 31 ஆயிரம்.

ஆனால் கையில இருக்கிற 14 இலட்சத்தையும் வீட்டுக்காசு எண்டு எண்ணக்கூடாது. ஆறு மாசச் செலவு, 7 இலட்சத்து 20 ஆயிரம், தனியா நிக்கவேணும். ஒரு பெரிய வாடிக்கையாளர் கைவிட்டால் உங்களைத் தாங்கிறது அதுதான். கடன் எடுத்த பிறகும் அது இருக்கவேணும், தவணை பிந்தினால் கிறிப் அறிக்கையில, அதாவது வங்கிகள் பார்க்கிற உங்கட கடன் வரலாற்றில விழும். ஆகவே வீட்டுக்கு உண்மையில இருக்கிறது 6 இலட்சத்து 80 ஆயிரம்.

70 இலட்சத்துக்கு இந்த வேகத்தில நாலு வருசம். அதுவும் 120 இலட்சக் கடன் கிடைச்சால்தான். அதுக்குத் தவணை 1 இலட்சத்து 32 ஆயிரம். மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராச் சேர்த்து, அவவின்ர பக்கத்திலயிருந்து 82 ஆயிரமளவில வருமானம் கணக்கில வந்தால்தான் பொருந்தும். அவவுக்கு இடர்கடன் (அரச உத்தியோகத்தர் சம்பளத்தில கழியிறமாதிரி எடுக்கிற கடன்), வேற கடன் வெட்டுறது இருந்தால் அதுவும் கழியும். அரச உத்தியோகத்தருக்குச் சொத்துக்கடன் திட்டம் ஒண்டு இருக்கு, வலயக் கல்விப் பணிமனையில சம்பளப் பகுதியில விசாரிக்கச் சொல்லுங்கோ.

என்ர அபிப்பிராயம், 125 இலட்சத்துக்குள்ள ஒரு வீடு பாருங்கோ. 82 இலட்சக் கடனோட தீர்வை, செலவு எல்லாம் சேர்த்து 50 இலட்சம் வேணும். அது இரண்டே முக்கால் வருசம். மனைவியின்ர சம்பளம் கைகாவலா வெளிய நிக்கும். வட்டி மாறுற வட்டி எண்டால் இது முக்கியம்: 12 வீதம் 14 ஆனால் 82 இலட்சத்துக்குத் தவணை 90 ஆயிரத்திலயிருந்து 1 இலட்சத்து 2 ஆயிரமாகும். 2022 கடைசியில வட்டி 20 வீதத்தையும் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

வைப்பு விசயம்: ஒரே பெரிய வைப்பாப் போடாமல், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா சேர்ந்த காசை ஒவ்வொரு வருசவைப்பாப் போட்டுவாருங்கோ. காலாண்டுக்கு ஒண்டு முதிரும், அவசரத்துக்கு உடைச்சு வட்டியை இழக்கத் தேவையில்லை. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில ஒரு ஆளுக்கு 11 இலட்சம் வரைக்கும்தான், அதுக்கு மேல போனால் பிரிச்சுப் போடுங்கோ. தேசிய சேமிப்பு வங்கிக்கு அரச உத்தரவாதம் இருக்கு. ரெண்டு வீதம் கூடத் தாறம் எண்டு கூப்பிடுற நிதிக் கம்பனிக்கு வீட்டுக்காசைக் கொண்டு போகாதேங்கோ.

டொலரில ஒரு பகுதி வைக்கிறதில பிழை இல்லை. 2022 மார்ச் தொடக்கம் மே வரைக்குள்ள 200 ரூபாச் சொச்சத்தில இருந்த டொலர் 360ஐத் தொட்டது. ஆனால் அதைப் பேயோனியரில விடாமல், உங்கட வங்கியில வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்து அதில வையுங்கோ, கூற்றில தெரியும். வாங்கப்போற கடைசி ஒரு வருசத்துக் காசு ரூபாயில இருக்கட்டும்.

சீட்டு வேண்டாம். பதிவில்லாத சீட்டு முறிஞ்சால் கேக்க இடமில்லை, எடுத்த காசுக்கும் வங்கியில ஆதாரம் காட்ட ஏலாது.

உறுதி எழுத்து:

அந்த 10 இலட்சத்தைக் குடுத்திடாதேங்கோ தம்பி. காணி விற்கிற உடன்படிக்கை நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால கையெழுத்தானால்தான் சட்டத்தில நிக்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. வெறும் கடதாசியை வைச்சு வீட்டைக் கேக்க ஏலாது.

முதல் ஆற்ற பேரில உறுதி எண்டு பாருங்கோ. கனடாவில இருக்கிறவரின்ர பேரில எண்டால், தமையனுக்குப் பதியப்பட்ட அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) இருக்கா, அதில விற்கிற அதிகாரம் எழுதியிருக்கா? சகோதரங்களுக்குப் பிரிபடாத பங்கு எண்டால் எல்லாரும் கையெழுத்து வைக்கவேணும். சீதன உறுதி எண்டால் உரிமை விற்கிறவரின்ர மனைவிக்கு, ஆனால் தேசவழமையில, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டத்தில, புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவ விற்க ஏலாது. நன்கொடை உறுதி, அதுவும் அண்மையில எழுதினது எண்டால் வங்கி தயங்கும்.

இன்னொண்டு முன்னுரிமைக் கொள்வனவு, அதாவது வெளியாளுக்கு முன்னம் வாங்கிற உரிமை. தேசவழமைக் காணியை வெளியாளுக்கு விற்கேக்க பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் குடுக்கவேணும். குடுக்காமல் வாங்கினால் பிறகு அவையள் வழக்குப் போடலாம். அறிவித்தல் குடுத்த ஆதாரத்தை நொத்தாரிசிட்டக் கேட்டு வாங்குங்கோ.

கொக்குவில் டிசைனர்:

விளங்குது. ஆனால் முற்பணம் குடுக்காட்டி வீட்டை வேற ஆளுக்குக் குடுத்திடுவம் எண்டினம்.

உறுதி எழுத்து:

உங்கட கைக்காசு சேர இன்னும் வருசக்கணக்கு இருக்கேக்க முற்பணம் குடுத்தால், உடன்படிக்கைக் காலம் முடியிற நேரம் மிச்சக்காசு இல்லாமல் நிப்பியள், முற்பணம் போகும். இந்த வீடு போனால் போகட்டும்.

காசு சேர்ந்து வேற வீடு பொருந்தேக்க, உடன்படிக்கையில இதுகளை எழுதச் சொல்லுங்கோ: வங்கிக் கடன் மறுத்தால் முற்பணம் முழுக்கத் திரும்பவேணும், உறுதியில குறை தெரிஞ்சால், முன்னுரிமை உள்ளவர் வாங்க முன்வந்தால் அப்பவும் திரும்பவேணும், திருப்பிக் குடுக்க எத்தனை நாள் எண்டு திகதியோட. காலம் 90 நாளுக்குக் குறையக்கூடாது, கடன் அனுமதி, மதிப்பீடு, உறுதி ஆய்வு எல்லாம் அதுக்குள்ள முடியவேணும். முற்பணத்தை வங்கிக் காசோலையாக் குடுங்கோ, இலக்கம் உடன்படிக்கையிலயே இருக்கட்டும். கைக்காசில உங்கட பங்கைக் காட்டேக்க வங்கிக்கு அந்தக் காசோலைப் பதிவு தேவைப்படும்.