கூகுள் ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 19, ஸ்கோபஸில் 6: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

ஆய்வகவாசி:
வணக்கம். காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்புத் தன்மை பற்றி ஆய்வு செய்கிறேன். உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. படிவத்தில் எச்-இண்டெக்ஸ் கேட்கிறார்கள், அதாவது நம் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடல் தளமான ஸ்காலர் 19 என்கிறது, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளம் 6 என்கிறது. நான் எழுதிய கட்டுரைகளே பதினொன்றுதான். பதினொரு கட்டுரைக்கு 19 எப்படி வரும்? என் பெயர் குமார், முதலெழுத்து எஸ்.

மாடிப்படி:
19 என்றே போடுங்கள். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

நூலகத்து அக்கா:
தேர்வுக் குழுவில் ஒருவர் கைப்பேசியில் பார்த்தாலே போதும், தம்பி. உங்கள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து தலைப்புகளை வரிவரியாகப் படியுங்கள். கான்கிரீட்டோ கரும்போ கண்ணில் படும் என்று நினைக்கிறேன். எஸ். குமார் என்ற பெயரில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் ஒருமுறை தேடினாலே தலை சுற்றும். கட்டுரைகளைத் தானாகச் சேர்க்க அனுமதித்திருந்தால் ஸ்காலர் ஊகத்தில்தான் சேர்க்கும்.

ஆய்வகவாசி:
கான்கிரீட்டேதான் அக்கா! சாம்பல் கலந்த கான்கிரீட்டின் வலிமை பற்றி ஏழு கட்டுரைகள். வாழை நோய் பற்றியும் நிறைய இருக்கின்றன. ஸ்கோபஸில் வேறு கூத்து. அங்கே எனக்கு இரண்டு பக்கங்கள். ஒன்று என் பெயரில், எச் 6. மற்றொன்று என் அப்பா பெயரில், எச் 3. ஓர் இதழ் முதலெழுத்தை விரித்து அச்சிட்டதால், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஆய்வகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. இரண்டையும் சேர்த்தால் 9 ஆகுமா?

நூலகத்து அக்கா:
ஆகாது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். குறைந்தது எச் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் இருந்தால், அப்படி வரும் மிகப் பெரிய எண்தான் குறியீடு. இரண்டு பக்கத்து எண்களையும் இங்கே எழுதுங்கள்.

ஆய்வகவாசி:
முதல் பக்கம்: 31, 24, 12, 9, 8, 6, 5. இரண்டாவது: 14, 9, 3, 1.

நூலகத்து அக்கா:
சேர்த்து அடுக்கினால் 31, 24, 14, 12, 9, 9, 8, 6, 5, 3, 1. ஏழாவது கட்டுரைக்கு 8 மேற்கோள், எட்டாவதற்கு 6 மட்டுமே. ஆகவே உங்கள் குறியீடு 7.

முதலில் ஸ்காலரில் உங்களுடையது அல்லாதவற்றைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். தவறி நீக்கினாலும் குப்பைப் பகுதியிலிருந்து மீட்கலாம். பிறகு அமைப்பில், தானாகச் சேர்க்காமல் மின்னஞ்சலில் உங்களைக் கேட்கும்படி மாற்றுங்கள். ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் இணைக்கக் கோரிக்கை அனுப்புங்கள், கட்டணம் இல்லை. ஆனால் உடனே நடக்காது, இன்றே அனுப்புங்கள். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்சிட் இருக்கிறதா? 16 இலக்கம், இலவசம், 2012 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் பெயரை எழுதி, அந்த எண்ணையும் கொடுங்கள்.

பழைய பிப்பெட்:
இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த அளவுகோல் இது. உயிரியலில் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை இல்லை. புரதத்தை அளவிடும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள் உண்டு. எச்-இண்டெக்ஸ் கணக்கில் அதுவும் ஒரே ஒரு கட்டுரைதான். இளைய ஆய்வாளருக்கு ஆண்டுகள் குறைவு, அதனால் எண்ணும் குறைவு. முடிந்தால் முக்கியமான மூன்று கட்டுரைகளில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு பத்தி இணையுங்கள். சோதனையை நீங்கள் செய்தீர்களா, மாதிரிகளை மட்டும் சேகரித்தீர்களா என்பது எந்தக் குறியீட்டிலும் தெரியாது.

ஆய்வகவாசி:
நீக்கி முடித்தேன். ஸ்காலர் 19இலிருந்து 9 ஆனது. ஸ்கோபஸ் 7 வரும் என்றால் ஸ்காலர் மட்டும் ஏன் 9?

நூலகத்து அக்கா:
ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் இடும் முன்பதிப்பு, மாநாட்டுத் தொகுப்பு எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டுமே பார்க்கும். இரண்டும் பொய்யில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதிவிடுங்கள்.

ஆய்வகவாசி:
ஒன்பதாம் நாள் ஸ்கோபஸ் பக்கங்கள் இணைந்தன. 7தான் காட்டுகிறது. தளத்தின் பெயரும் தேதியும் போட்டு இரண்டு எண்களையும் எழுதி அனுப்பிவிட்டேன். நன்றி அக்கா. அந்த வாழை ஆராய்ச்சிக் குமாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவருடைய ஸ்காலர் பக்கத்தில் என் காசநோய்க் கட்டுரை இரண்டு இருக்கின்றன.