பழைய பைபர் பாய்ப்படகு: தண்ணீர் எங்கால் ஏறுகிறது என்று பிடிபடவில்லை, உதவுங்கள்

வட்டுவாகல் தம்பி:
வணக்கம். திருகோணமலைப் பக்கம் பாவித்துக் கழித்த 14 அடி பைபர் பாய்ப்படகு ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. நந்திக்கடலில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாய் ஓட்டப் பழக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. ஆனால் இறக்கிக் கொஞ்ச நேரத்திலேயே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடுகிறது. அடியில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் நிறைய இருக்கின்றன. படகு பக்கவாட்டில் வழுக்காமல் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையின் பெட்டியைச் சுற்றி முந்தின சொந்தக்காரர் சிலிக்கனை அப்பி வைத்திருக்கிறார், அது விளிம்பில் தோலாக உரிகிறது. கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைக்கும் பக்கத்துக் காற்றுப் பெட்டியைத் தட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் வேறு. கடையில் கேட்டால் அடி முழுக்க மட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு ரெசின் (இறுகும் பிசின்) அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பேசாலையார்:
வேண்டாம் தம்பி. காசும் போகும், படகும் பாரமாகும், ஓட்டை அப்படியே இருக்கும். முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். படகைக் கரையில் பழைய டயர்களின் மேல் ஏற்றி, வெளிப்பக்கத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள், மிதக்கும்போது வெளித் தண்ணீர் அடியைத் தாங்கும், கரையில் அந்தப் பாரம் முழுக்க டயர் தொடும் இடங்களில்தான் இறங்கும். பிறகு கீழே படுத்துப் பாருங்கள். கசியும் இடத்தில் முத்து முத்தாகத் துளிர்க்கும், பென்சிலால் வட்டம் போடுங்கள். பலகை இறங்கும் வாயிலிருந்து சொட்டினால் பெட்டிதான் காரணம். காற்றில் படகு சாயும்போதெல்லாம் பலகை அந்தப் பெட்டியைப் பக்கவாட்டில் நெம்பும், அதனால் தரையோடு சேரும் மூலைதான் பெரும்பாலும் முதலில் விடும். மயிரிழை வெடிப்பு அநேகமாக மேலே உள்ள ஜெல்கோட் என்ற வழவழப்பான பூச்சோடு நின்றுவிடும்.

வட்டுவாகல் தம்பி:
செய்து பார்த்தேன் அண்ணை. பெட்டியின் முன் மூலையில் இருந்து நன்றாகவே சொட்டுகிறது. பின்பக்கம் சுக்கான் கொளுவும் இரும்பின் ஆணித் துளைகளிலும் கசிவு. அடி வெடிப்புகளில் ஒரு துளிகூட இல்லை! காற்றுப் பெட்டிக்கு என்ன செய்வது?

மாங்குளத்தான்:
முதலில் உள்ளே நிற்கும் தண்ணீரை வடியுங்கள். திறக்கும் மூடி இல்லாவிட்டால் மேல்பக்கம் ஒரு வட்டத் துளை வெட்டி, திருகு மூடி போட்டுக்கொள்ளலாம், இனிமேல் காயவிடவும் அது உதவும். பிறகு ஒரு குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள், மற்றவர் மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசட்டும். காற்றுப் போகும் இடத்தில் குமிழ் எழும்பும். கொம்பிரசரை மட்டும் கொளுவ வேண்டாம், பெட்டி பிளந்துவிடும். உள்ளே பஞ்சு மாதிரி நுரை அடைத்திருந்து அது ஊறியிருந்தால் வெட்டி எடுப்பதுதான் வழி, ஊறின நுரை லேசில் காயாது.

பேசாலையார்:
இனி மூலை வேலை. சிலிக்கனைக் கத்தியால் முழுக்கச் சுரண்டுங்கள், அதன் எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் எந்த ரெசினும் ஒட்டாது. உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, அதற்குப் பிறகு கிரைண்டரால் ஜெல்கோட்டை எடுத்து உள்ளே நார் தெரியும் வரை தேயுங்கள். மூலை வெடிப்பில் இருந்து வெளிப்பக்கமாகச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பு 4 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 5 சென்ரிமீற்றர் அளவு, அதாவது தடிப்பின் 12 மடங்கு. முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

பழைய பைபரில் ஒட்டுவதற்கு எபொக்சி என்ற ரெசின்தான் திறம். எபொக்சி எடுத்தால் வெட்டு நார் மட்டை விட்டு நெய்த துணியை வாங்குங்கள். மட்டின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்டர் ரெசினில் கரையும், எபொக்சியில் கரையாது. காசு போதாதென்றால் பொலியெஸ்டர் ரெசினோடு வெட்டு நார் மட் போட்டாலும் சரி. ஆனால் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் அளவில் வையுங்கள், நம் வெக்கைக்குக் கூட்டினால் டப்பாவுக்குள்ளேயே இறுகிப் புகையும். மூலையை முதலில் ரெசின் புட்டியால் வளைவாக நிரப்பிவிட்டு, சின்னத் துண்டு, அதற்கு மேல் பெரியது என்று வையுங்கள். வெள்ளையாக இருக்கும் நார் ரெசின் குடித்துக் கண்ணாடி மாதிரித் தெளிய வேண்டும், வெள்ளை தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று அர்த்தம், உருளையால் அமத்துங்கள்.

கொக்கிளாய்க் கரை:
ஒரு முக்கியமான விஷயம். சில கடைகளில் பொலியெஸ்டர் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவத்தைத் தனிப் போத்தலில் தருவார்கள். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள் தம்பி.

வட்டுவாகல் தம்பி:
நன்றி அண்ணை, இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. ஆணித் துளைகளுக்கும் ரெசின் விட்டால் போதுமா? வாடைக் காற்றும் மழையும் தொடங்க முன் முடிக்கலாமா?

பேசாலையார்:
இரும்பைக் கழற்றி, துளையைக் கொஞ்சம் பெருப்பித்து எபொக்சியால் அடைத்து, இறுகின பிறகு நடுவில் புதிதாகத் துளைத்து, பொலியூரத்தேன் பசை வைத்து முறுக்குங்கள். சிலிக்கன் வேண்டாம். மழையில்லாத சோளகக் காற்றுக் காலத்திலேயே முடியுங்கள், நிழலில், காலையில். மழை தொடங்கினால் ஈரம் ஏறிவிடும், ஒட்டு பிடிக்காது. பெயின்ற் அடிக்க முன் அதே நாலு விரல் தண்ணீரை இன்னொரு முறை ஊற்றிப் பாருங்கள். இன்னும் கசிந்தால் அந்த இடத்தில் வட்டம் போட்டு மறுபடி தேய்த்து ஒட்டுங்கள்.