சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு, காசு கொடுத்து வாங்கின பாட்டு: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம், ரேடியோ செட் தொழில்:

எங்கள் வீட்டுத் தொழில் ரேடியோ செட், அதாவது விசேஷங்களுக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது. கோயில் கொடை என்கிற திருவிழா, கல்யாணம், சடங்கு, கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் வரை ஆர்டர் எடுப்போம். அப்பா காலத்தில் இசைத்தட்டு. பிறகு கேசட், சிடி, இப்போது பென்டிரைவ். ஒவ்வொரு தடவை மாறும்போதும் அதே பாட்டைத் திரும்பவும் காசு கொடுத்து வாங்கினோம். அதில் எனக்கு வருத்தமில்லை. வாங்கினது நம் பெட்டிக்குள் இருந்தது.

இப்போது வேலைக்கு வரும் பையன்களிடம் பெட்டியே இல்லை. போனில் சந்தா கட்டி வைத்திருக்கிறார்கள். "பத்துக் கோடிப் பாட்டு இருக்கு அண்ணாச்சி, எதுக்கு பென்டிரைவ்?" என்பார்கள். போன வருஷம் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அம்மன் கொடை. நான் வேறு ஊரில் இருந்தேன், பையன்தான் செட் பார்த்தான். விடியற்காலை முதல் பாட்டுப் போட வேண்டும். போனைத் திறந்தால் டவுன்லோட் செய்து வைத்த பாட்டு அத்தனையும் மங்கிக் கிடக்கிறது, ஒன்றும் ஓடவில்லை. சந்தாப் பணம் வங்கியில் எடுபடாமல் போயிருக்கிறது. திரும்பக் கட்டலாம் என்றால் அந்த ஊரில் டவர் கிடையாது. மேளக்காரர்கள் வந்து சேரும்வரை குழாயில் சத்தமே இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏல, கொடைக்கு செட் கட்டிருக்கியா, துட்டி வீட்டுக்குக் கட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டார். துட்டி வீடு என்றால் எங்கள் பக்கம் சாவு வீடு. பையன் அழாத குறைதான்.

சந்தாவில் டவுன்லோட் ஆகிற பாட்டு பூட்டுப் போட்ட பாட்டு. சந்தா நின்றால் பூட்டு விழும். சந்தா நடப்பில் இருந்தாலும் ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டு ஆப்களில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது நெட்டில் வந்து முகம் காட்ட வேண்டும். இன்னொன்றும் நம் தொழில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோயில் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டுப் போடுவதை 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், குற்றமாக எண்ணவில்லை. ஆனால் ஆப்பில் நாம் சம்மதம் கொடுக்கிற நிபந்தனை வேறு. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் அதில் இருக்கிறது. அதனால் செட்டுக்குப் பாட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.


தென்காசிக்காரி, வேலை சென்னையில்:

அண்ணாச்சி, தொழிலுக்கு நீங்கள் சொல்வது சரி. வீட்டுக்கு நான் சந்தாவின் பக்கம்தான்.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாசம் 119 ரூபாய். பாட்டு ஒன்று 12 ரூபாய் என்று வைத்தால், ஒரு வருஷச் சந்தாவுக்குச் சரியாக 119 பாட்டு வாங்கலாம். புதிதாக அத்தனை பாட்டை நான் ஒரே மாசத்தில் கேட்டுவிடுவேன். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத பாட்டுக்கு யார் 12 ரூபாய் கொடுப்பார்கள்? எங்கள் ஆச்சி ஊர் சேரன்மகாதேவி. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர் 1964இலேயே மறைந்துவிட்டார். எங்கள் தலைமுறைக்கு அவர் வெறும் பேர். ஒரு நாள் ஆப்பில் தேடினேன், வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். ஆச்சி பேச்சை நிறுத்திவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். ராகத்தின் பேரெல்லாம் சொன்னார்கள். ஆச்சிக்கு அத்தனை ஞானம் உண்டு என்று எங்கள் அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தக் கடையில் போய் இதை நான் கேட்டு வாங்கியிருப்பேன்?

ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆச்சிக்காகச் சேர்த்து வைத்த பட்டியலில் சில நாளில் ஒன்றிரண்டு பாட்டு காணாமல் போகும். பாட்டுக் கம்பெனிக்கும் ஆப்புக்கும் ஒப்பந்தம் முடிந்தால் அப்படித்தான். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் பாட்டெல்லாம் ஸ்பாட்டிஃபையிலிருந்து போனது நினைவிருக்கலாம். எண்பது வயசு ஆளிடம் ஒப்பந்தத்தை எப்படி விளக்குவது? "நேத்து இருந்துச்சே" என்கிறார்கள். அதனால் ஆச்சி விரும்பிக் கேட்பதை மட்டும் இப்போது சிடியாகத் தேடி வாங்குகிறேன்.


பாளையங்கோட்டை:

வாங்கினதிலும் ரெண்டு வகை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை வைத்தது பலருக்கு மறந்திருக்கும். பூட்டில்லாத எம்பி3. அதில் கொஞ்சம் வாங்கினேன். 2013 ஜூனில் கடையை மூடினார்கள். வாங்கினவர்கள் இறக்கி வைத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். அந்தக் கோப்புகள் இன்றைக்கும் என் காரில் ஓடுகின்றன. அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் போன் வழியாக வாங்கின பாட்டு பூட்டுப் போட்டது. போன் செத்தது, பாட்டும் செத்தது. காசு இரண்டுக்கும் கொடுத்தேன்.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையிலும் 2003இல் ஆரம்பித்தபோது பூட்டு இருந்தது. 2009இல்தான் பாட்டுக்குப் பூட்டை எடுத்தார்கள். பட்டனில் 'வாங்கு' என்று போட்டுவிட்டு உள்ளே வெறும் உரிமம் கொடுப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. நம்மூரிலும் வர வேண்டும். கோப்பை வேறு கருவிக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓடினால்தான் அது உங்களுடையது.


மேலப்பாளையம்:

எங்கள் வாப்பாவுக்கு சரிகம கம்பெனியின் கார்வான் என்கிற பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். 5000 பாட்டு உள்ளேயே இருக்கிறது, நெட் வேண்டாம், சந்தா வேண்டாம். நாகூர் ஹனிபா பாட்டை பென்டிரைவில் ஏற்றிப் பின்னால் செருகிவிட்டோம். திருகுவதும் அமுக்குவதும் அவர்களே செய்துகொள்கிறார்கள். வயசானவர்கள் உள்ள வீட்டுக்கு இது போதும்.


நாங்குநேரி பக்கம்:

எல்லாரும் சினிமாப் பாட்டையும் கச்சேரியையும் வைத்துப் பேசுகிறீர்கள். வாடகைக்கும் வராத, விலைக்கும் வராத பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் கொடை என்றால் வில்லுப்பாட்டு. அந்தந்தக் கோயில் சாமியின் கதையை ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். கேசட் காலத்தில் சின்னச் சின்ன ரெக்கார்டிங் கடைகள் புலவரை உட்கார வைத்துப் பதிவு செய்து விற்றார்கள். ஒரு கதை ஒரு கேசட்டில் அடங்காது, மூணு நாலு போகும். யூடியூபில் இப்போது வில்லுப்பாட்டு நிறைய வருகிறது, சந்தோஷம். ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் பாடிய புலவர், முத்துப்பட்டன் என்கிற சாமியின் கதையைப் பாடும் விதம் வேறு. பாபநாசம் மலைமேல் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயில் பாதையை இடம் இடமாகச் சொல்லிக்கொண்டு போவார். கேட்கிற ஆளுக்குத் தானும் கூட நடக்கிற மாதிரி இருக்கும். வில்லை அடிக்கிற வீசுகோலை மணியில் தட்டி நிறுத்துவார், குடம் அடிப்பவர் "ஆமா" என்பார், அந்த இடைவெளியில் கூட்டம் மூச்சு விடுவதுகூட டேப்பில் விழுந்திருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். பதிந்த கடையும் இல்லை. அவர் குரல் இருக்கிற ஒரே இடம், அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கினவர்கள் வீட்டுப் பரண்.

அதைத்தான் நானும் என் அத்தானும் தேடிச் சேர்க்கிறோம். கேசட் கிடைத்ததும் போட்டுவிடக் கூடாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும். முதலில் கையால் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும், பிளேயரில் நாடா உரசுகிற ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சத்தம் கம்மலாக இருந்தால் ஹெட் பக்கத்துச் சின்ன ஸ்குரூவை மெதுவாகத் திருப்பினால் குரல் தெளியும். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்கிற மென்பொருளில் பதிகிறோம், அது இலவசம். 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. வேவ் கோப்பாக வைத்தால் நிமிஷத்துக்குப் பத்து எம்பி, ஒரு கேசட்டுக்குத் தொள்ளாயிரம் எம்பி ஆகும். முதல் பிரதியை அப்படியே வையுங்கள், எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம்.

பாட்டு எழுதினவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டி போக வேண்டும் என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம். ஆனால் வில்லுப்புலவருக்குக் கடைக்காரர் அன்றைக்குக் கையில் கொடுத்ததோடு சரி. ஆகவே அவருடைய பேத்தியைத் தேடிப் போனோம். சம்மதம் கேட்டோம். பிரதி வேண்டும் என்பவர்கள் பேத்தி வீட்டுக்கே பணம் கொடுத்து பென்டிரைவில் வாங்குகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். எங்களுக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்துக்கு அவர் குரலால் ரெண்டாவது தடவை காசு வந்தது இப்போதுதான்.

முத்துப்பட்டன் கதையில் மூணாவது கேசட் மட்டும் கிடைக்கவில்லை. பட்டன் மாடு மீட்கக் கிளம்புகிற பகுதி. யாரிடமாவது இருக்கிறதா?


அம்பாசமுத்திரம் பக்கம்:

நாங்குநேரி அண்ணாச்சி, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டுக் கடைப் பரணில் ஏறினேன். வில்லுப்பாட்டுக் கேசட் ஒரு சாக்கு இருக்கிறது. ரெண்டில் முத்துப்பட்டன் என்று அப்பா பேனாவால் எழுதியிருக்கிறார். எத்தனையாவது என்பது அழிந்துவிட்டது, புலவர் பேரும் இல்லை. குரலை வைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆர்டர் இருக்கிறது, திங்கட்கிழமை காலையில் வாருங்கள். உங்கள் பிளேயரையும் கொண்டு வந்துவிடுங்கள், எங்களுடையதில் பெல்ட் அறுந்து கிடக்கிறது.